கற்றாழையின் சுற்றம்

சோற்றுக்கற்றாழை, ஆனைக்கற்றாழை என்னும் இரண்டனையும் தமிழ் மக்கள் கற்றாழை என்றே வழங்குவர். தடித்த மடலும் முள்விளிம்பும் வறட்சி தாங்கும் இயல்பும் இரண்டிற்கும் பொது. ஆயினும் முன்னது அரபு நாட்டுச் செடி. பின்னது மெக்சிக்கோ நாட்டினின்று வந்தது. முன்னது ஆண்டுதோறும் பூக்கும். பின்னதோ பல்லாண்டு வளர்ந்து, நெடிய தண்டு விட்டு, ஒரு முறை பூத்து மடியும்.

செடிகளின் உறவை அறியப் பண்டைத் தாவரநூலார் மலரையே பெரிதும் நம்பினர். ஆனைக்கற்றாழையின் சூற்பை இதழ்களுக்குக் கீழே உள்ளது. அமெரிக்க நிலத்து யக்காச் செடியின் சூற்பை மேலே உள்ளது. இவ்வொரு வேறுபாட்டால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கப்பட்டன.

1933ஆம் ஆண்டில் மெக்கெல்வி அம்மையாரும் கார்ல் சாக்சு என்பாரும் வேறொரு சான்று காட்டினர். உயிரணு பிளவுறும்போது அதனுள் இருக்கும் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியே புலப்படும். சாயமூட்டி நுண்ணோக்கியால் நோக்கின், அவற்றை எண்ணலாம், நீளத்தையும் ஒப்பிடலாம். யக்காவில் 5 இணை பெரியன, 25 இணை மிகச் சிறியன. ஆனைக்கற்றாழை இனத்திலும் அவ்வாறே! எண்ணிக்கை மட்டும் ஒத்திருப்பின் தற்செயல் எனலாம். இத்தகைய அரிய அமைப்பு முழுதும் ஒத்திருப்பதை அங்ஙனம் தள்ளுதல் எளிதன்று. மாறியது சூற்பையின் இடமே என்று கொள்ள வேண்டியதாயிற்று. 1934இல் ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர், பூங்கொத்து முதலியவற்றை ஆராய்ந்து, இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தார். அவர் மருளையும் உடன் சேர்த்தார்; அதன் குரோமோசோம் அமைப்போ இவற்றோடு ஒவ்வாதது.

இன்னும் வியப்புடையது ஓசுடா என்னும் செடியின் செய்தி. சீனம், சப்பான் ஆகிய நாடுகளின் நிழலில் வளர்வது அது; அகன்ற மெல்லிலை உடையது. பாலைநிலச் செடிக்கு அது உறவென்று யார் கூறுவர்? எனினும் அதற்கும் 30 இணைகளே. பெரியனவும் சிறியனவும் கலந்தனவே. அவ்வுறவு மெய்யே என்பதை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி.என்.ஏ. ஆராய்ச்சி உறுதி செய்தது.

சோற்றுக்கற்றாழையிலும் பெரியன 4 இணை, சிறியன 3 இணை உண்டு. ஆனால் பெருமை சிறுமை கலந்திருத்தல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது. அத்தகைய அமைப்பு வெவ்வேறு வழிகளில் தனித்தனியே தோன்றுதலும் உண்டு. ஆதலின் சோற்றுக்கற்றாழை இன்று வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆனைக்கற்றாழையும் யக்காவும் ஓசுடாவும் தண்ணீர்விட்டான் குடும்பத்தில் ஒரு கிளையாக உள்ளன. மருளும் அக்குடும்பத்ததே, ஆயினும் அதன் கிளை வேறு.