சவலைப் பிள்ளை

தமிழில் 'சவலை' என்றொரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதாலோ அடுத்த குழந்தை பிறந்துவிட்டதாலோ, காலத்திற்கு முன்பே தாய்ப்பாலை இழந்து மெலிந்து போன பிள்ளையை அச்சொல் குறிக்கும். 'பிள்ளை சவலை பாய்ந்துவிட்டது' என்று பாட்டிமார் சொல்வதைச் சென்ற தலைமுறையினர் நன்கு அறிவர். இச்சொல்லுக்கு மிகத் தொலைவில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. இன்றைய கானா நாட்டில், கா என்னும் மொழி பேசும் மக்கள் 'குவாஷியோர்க்கர்' என்ற சொல்லை வழங்கி வந்தனர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முகம் வாடிய பிள்ளைகளைக் கண்டு, அந்நோயைப் பற்றி 1935-ல் 'லான்செட்' இதழில் எழுதியபோது தாய்மார்கள் சொன்ன பெயரையே அதற்கு இட்டார். இன்று உலகெங்கும் மருத்துவ நூல்களில் அப்பெயரே நிற்கிறது. புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று அக்காலத்தில் எண்ணினர். பிற காரணங்களும் உண்டு எனப் பின்னர் தெரிய வந்தது. ஆனால் நோயின் தொடக்கம் எங்கே என்பதை அத்தாய்மார்கள் சரியாகவே கண்டிருந்தனர். மடி ஒன்று, பிள்ளைகள் இரண்டு.

கைக்குழந்தையும் மூன்று நான்கு வயதுப் பிள்ளையும் உள்ள எந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. கேரளத்தின் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் அது சற்றுக் கடுமையாகவே வெளிப்படுகிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். உத்தரத்திலிருந்து தூளி தொங்கும். அதன் கீழேயே மூத்த பிள்ளையின் பாய் விரிந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படரும் குளிரில், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பாலூட்டி, மூத்ததற்குக் கஞ்சி வைத்துக் கொழுந்து எடுக்கப் புறப்படுகிறாள் தாய். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களின் நிலைமை இதனினும் கடினம். தேனி மாவட்டத்துக் கம்பம், போடி பகுதிகளிலிருந்து பெண்கள் நாள்தோறும் ஜீப்பில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றனர். பிள்ளைகள் கண் விழிக்குமுன் வீட்டை விட்டுப் போகும் தாய், இருட்டிய பிறகே திரும்புகிறாள். பகல் முழுவதும் இரு பிள்ளைகளும் பாட்டியின் பொறுப்பு.

சட்டம் இந்நிலையை அறியாமல் இல்லை. 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்தோடு, பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளைகளை 1961-ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டம் அளித்தது. 2017-ல் செய்த திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் இந்த விடுப்பும் இடைவேளையும் தொடர்கின்றன.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்; அதன்பின் பிற உணவுடன் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 26 வாரம் என்பது ஆறு மாதம். கணக்கு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அந்த விடுப்பில் எட்டு வாரம்வரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். முழுமையும் முன்னால் எடுத்தவளுக்குப் பின்னால் எஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதத்திற்குச் சற்று மேல். ஆகவேதான் நிறைமாதம்வரை பெண்கள் சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகின்றனர்: பிறக்கப்போகும் குழந்தையின் பாலுக்காக இப்போதைய ஓய்வை விட்டுக்கொடுக்கிறார்கள். இடைவேளையும் அப்படித்தான். காப்பகம் ஓரிடத்தில், அன்றைய வேலை வேறொரு மலைச்சரிவில் என்றால், ஏறி இறங்கும் நேரத்திலேயே இடைவேளை கரைந்துவிடும். சட்டத்தை எழுதியவர்கள் சமதளத்தை நினைத்து எழுதினார்கள் போலும்! நிரந்தர வேலையில்லாத ஏலத் தோட்டத்துக் கூலிப் பெண்ணுக்கோ இந்தக் கணக்குகூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

மேற்கண்டவை அனைத்தும் கைக்குழந்தையைப் பற்றியவை. மூத்த பிள்ளைக்கு யார் கணக்குப் பார்ப்பது?

1975 அக்டோபர் 2-ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இதற்கென்றே உள்ளன. கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு 'அமிர்தம்' என்ற சத்துமாவு வீட்டுக்கே தரப்படுகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கலந்த அந்த மாவைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தயாரிக்கின்றன. மூன்று வயது கடந்ததும் மாவு நின்றுவிடும். அதன் பிறகு பிள்ளை அங்கன்வாடிக்குச் சென்று, அங்கே சமைத்த உணவை உண்ண வேண்டும். ஆனால் கைக்குழந்தை வந்த வீட்டில் நடப்பது என்ன? மூத்ததைக் கொண்டுபோய் விட ஆளில்லை. அல்லது, "தூளியை ஆட்டிக்கொண்டு வீட்டிலேயே இரு" என்று சொல்லிவிடுகிறார்கள். மாவும் இல்லை, அங்கன்வாடிச் சோறும் இல்லை. தங்கைக்குக் கரைத்த கூழில் மிச்சம் இருந்தால் அதற்கு உண்டு. பாலை மறுப்பதால் மட்டுமன்று, இப்படியும் ஒரு பிள்ளை சவலை பாயும். நான்கு வயதுப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போகாத நாளை, ஒரு வேளை உணவை இழந்த நாளாகவே பெற்றோர் கருத வேண்டும்.

தாயே மெலிந்திருந்தால் எந்தப் பிள்ளைக்கும் மிச்சம் இராது. தமிழகத்தின் கோவை, நீலகிரி மாவட்டங்களை ஒட்டிய பாலக்காட்டு அட்டப்பாடியில், 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் பலர் பிறந்த சில நாட்களிலும் மாதங்களிலும் இறந்தது நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் இரத்தசோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் முன்னின்ற காரணங்கள். நிலம் கைவிட்டுப்போய், இராகியும் சாமையும் விளைந்த புனம் சுருங்கியதன் விளைவு அது. அதன்பின் ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் ஏற்பட்டன. தாய்க்குச் சோறிட்டால்தான் பிள்ளைக்குப் பால் என்பதை அங்கே பெரும் விலை கொடுத்தே அறிய நேர்ந்தது.

மூணாற்றைச் சுற்றிய காடுகளில் வாழும் முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தபோது பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்ததாலேயே அப்பெயர் பெற்றதாகச் சொல்வர். பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் தொன்றுதொட்டு இருந்து வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை முதுகில் இருந்தால் இரு கைகளும் மூத்ததற்கு மிஞ்சும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். இருகையும் ஒருகாலும் ஊன்றித் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரையில் ஒன்றும், சிறுதேர் உருட்டும் பருவத்தில் ஒன்றுமாக இரண்டு பருவங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதுதான் இல்லத்தில் காணும் உண்மை. ஒரு பிரபந்தம் ஒரு பிள்ளையைத்தான் பாடுகிறது. தாய்க்கு அந்த வசதி இல்லை.

தம்பி பிறந்த பிறகு, சிறுநீர் கழிக்கப் பழகிவிட்ட மூத்தது பாயை நனைக்கும். தெளிவாகப் பேசியது மழலைக்குத் திரும்பும். பால் கேட்டு அடம் பிடிக்கும். இதைக் குறும்பு என்று அடிப்பவர் உண்டு. குறும்பன்று, 'எனக்கும் இடம் இருக்கிறதா?' என்ற கேள்வி அது. சில வாரங்கள் பொறுத்தால் தானே அடங்கும், அடித்தால் நீளும். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் தூளியை நோக்கி நேரே போகாமல், முதலில் மூத்ததைத் தூக்கிப் பேசினால் அந்த வீட்டுக்குப் பேருதவி செய்தவராவார். பாலூட்டும் நேரத்தில் அதனைத் துரத்தாமல், மறுபுறம் அமர்த்திக் கதை சொல்லலாம். துணி எடுத்துத் தரச் சொல்லலாம், தாலாட்டில் சேர்ந்து பாடச் சொல்லலாம். ஆனால் காவலுக்கு வைக்கலாகாது. அடுப்பும் வெந்நீரும் உள்ள ஓரறை வீட்டில், நான்கு வயதுப் பிள்ளையிடம் ஏழு மாதக் குழந்தையை ஒப்படைத்துத் தண்ணீர் பிடிக்கச் செல்வது இருவரையும் ஆபத்தில் விடுவதாகும். அதன் கண் முன்னே ஏதேனும் நேர்ந்துவிட்டால், அந்தச் சுமை அப்பிள்ளையை வாழ்நாள் முழுவதும் விடாது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவு, சன்னல்களை அடைத்துவிட்டுக் கரியடுப்பை உள்ளே வைத்து உறங்குவது உயிருக்கே கேடு. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதேபோல், மலைத்தேன் எவ்வளவு தூயதாயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தடவக்கூடாது. சேனை வைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் பெரியவர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். தேனிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நரம்பை முடக்கக்கூடும் என்று பணிவோடு எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வர். ஒரு வயது கடந்த மூத்ததற்கு அதே தேனைத் தாராளமாகத் தரலாம். அண்ணனுக்கு மட்டும் கிடைக்கும் ஏதோ ஒன்று வீட்டில் இருப்பது நல்லதே.

தந்தையின் பங்கு தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை. மூத்ததை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்வதும் மாலையில் குளிப்பாட்டுவதும் தந்தையால் ஆகாத காரியங்கள் அல்ல. அவற்றை மேற்கொண்ட வீடுகளில் மூத்த பிள்ளைக்குத் தாயின் மடி சுருங்கினாலும் ஒரு தோள் கூடுகிறது.

கம்பத்தில் ஜீப்புகள் திரும்பும் நேரம் பாட்டிமார் வாசலில் நிற்பார்கள். ஏலக்காய் மணக்கும் சேலையோடு தாய் இறங்கிக் கைகால் கழுவி அமர்ந்ததும், பகலெல்லாம் காத்திருந்த கைக்குழந்தை வீறிட்டுப் பாலுக்கு அழும். விவரம் அறிந்த பாட்டி அதனை உடனே நீட்டுவதில்லை. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முற்றத்தில் இரண்டு சுற்று நடக்கிறாள். அதற்குள் மூத்தது ஓடிவந்து மடியில் ஏறி, இன்று அங்கன்வாடியில் முட்டை போட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறது.