துருப்பிடித்த போல்ட் அசையவில்லையா?

பழைய மாருதி 800-இல் லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது பாதி நேரத்தை விழுங்குவது போல்ட்தான். கடலோர ஊர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் மரையில் மட்டுமல்ல, புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடும் போல்ட் துருவால் ஒட்டியிருக்கும். நட் கழன்ற பிறகும் போல்ட் வராததற்கு அதுவே காரணம்.

முந்தைய நாள் இரவே கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். ஆறு பட்டை சாக்கெட்டே போடுங்கள். பன்னிரண்டு பட்டை தலையை மழுக்கிவிடும். முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். சுத்தியலால் தட்டும்போது நட்டை முனையோடு சமமாக விட்டால் மரை பிழைக்கும். நெருப்புக் காட்டலாம், ஆனால் ரப்பர் கருகும். ஷாக் அப்சார்பர் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெடிக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

புது போல்ட்டை கிரேடு பார்த்து வாங்குங்கள். கடைசி இறுக்கம், வண்டி தரையில் நின்ற பிறகுதான். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் புது ரப்பர் சீக்கிரம் கிழியும்.