கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்: வீட்டுத் தையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூரில் தையல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் வளர்ந்த எக்ஸ்போர்ட் கம்பெனிகள், பக்கத்து ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப், வாசலில் ‘இங்கு ஜாக்கெட் தைத்துத் தரப்படும்’ என்று பலகை மாட்டிய அக்காக்கள் என இந்த வட்டாரத்துக்கும் தையலுக்கும் பழைய உறவு. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் மிஷின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறது. விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் தைத்த ஜாக்கெட் சரியாக வரவில்லை, அதோடு விட்டாயிற்று.

அந்த மிஷின்களை மறுபடி ஓடவைக்கத்தான் இதை எழுதுகிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் வைக்கிறவர் நாள் முழுக்கக் காலர்தான் வைப்பார். கை ஏற்றுகிறவர் கைதான் ஏற்றுவார். அவர்கள் யாரும் துணியை வெட்டுவதில்லை. வெட்டுவதற்குத் தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவும் சாம்பிள் தைத்து, அளந்து, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மொத்தத் துணியில் கை வைக்கும். வீட்டில் நாம் செய்வது நேர்மாறு: அரை மணியில் வெட்டிவிட்டு, இரண்டு நாள் தைத்துத் தைத்துப் பிரிக்கிறோம். தையல் தப்பினால் பிரிக்கலாம், வெட்டு தப்பினால் துணி போனதுதான். வீட்டுத் தையலில் வரும் தோல்விகளில் முக்கால்வாசி மிஷினில் உட்காரும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

மிஷின் எது?

அம்மாவோ மாமியாரோ வைத்திருந்த கறுப்புக் கால்மிதி மிஷின் வீட்டில் இருந்தால் புதிது வாங்க வேண்டாம். நேர்த்தையல் மட்டும்தான் போடும் என்றாலும், தொடங்குகிறவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. மெதுவாக மிதித்தால் மெதுவாகவே ஓடும் என்பது அதன் பெரிய வசதி. மோட்டார் பிறகு மாட்டிக்கொள்ளலாம். கம்பெனிகளில் இருக்கும் பவர் மிஷினை வீட்டில் வாங்கிப் போட நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். அதன் வேகத்துக்குக் கை பழகுவதற்குள் மனசு விட்டுப்போகும். கைக்குள் அடங்கும் பேட்டரி மிஷினில் ஒரு தலையணை உறைகூட உருப்படியாகத் தைக்க முடியாது.

பழைய மிஷின் இறுகிக் கிடந்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளாக ஆகக் கெட்டியாகிப் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். மிஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்கி, துளைதோறும் ஒரு சொட்டு விட்டு, கழிவுத் துணியில் சற்று நேரம் ஓட்டுங்கள்.

ஊசி, நூல், டென்ஷன்

மெல்லிய காட்டனுக்கும் 2×2 துணிக்கும் 11 அல்லது 14-ஆம் நம்பர் ஊசி, பாப்ளினுக்கு 14, கனத்த துணிக்கு 16. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும். நூல் நுழைய வேண்டியது பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து. இது மாறினால் தையல் விட்டு விட்டு விழும், அல்லது விழவே விழாது. ஊசி மழுங்கினாலும் அப்படித்தான். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் எல்லோரும் பாபினைத் திருகத் தொடங்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல்தான். அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்தால்தான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே வாங்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் ஊசியை மட்டும் ஓட்டிப் பழகுங்கள். கோட்டின் மேலேயே துளைகள் விழ ஆரம்பித்ததும் சதுரம், பிறகு வட்டம். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும், துணிக்கு வேறு ஊசி போடுங்கள்.

துணி வாங்குவதும் நனைப்பதும்

பழகுவதற்குக் காடா துணியும் பாப்ளினும் போதும். ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் சௌகார்பேட்டை நடக்கிற தூரம். கோடவுன் தெருவில் துணி, நாராயண முதலி தெருவில் லேஸ், பட்டன், ஹூக் என எல்லாம் கிடைக்கும். வழுக்கும் சாட்டினும், இழுபடும் பனியன் துணியும், ஜார்ஜெட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

காட்டன் துணியை வாங்கியதும் வெட்டாதீர்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் அளக்க வேண்டும். அழகாகத் தைத்த குர்தா முதல் துவைப்பில் முழங்காலுக்கு மேலே ஏறுவது இதைத் தவிர்ப்பதால்தான். லைனிங் துணியையும் சேர்த்து நனையுங்கள். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் முழுக்க அலை அலையாக நிற்கும்.

கரை ஓடும் திசைதான் பாவு. உடுப்பின் நீளம் அந்தத் திசையில் விழ வேண்டும். துணி மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு துண்டை மட்டும் சாய்த்து வெட்டினால், நாலு துவைப்புக்குப் பின் அந்தப் பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டு தொங்கும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

முதல் உடுப்பு: ஆறு பீஸ் பாவாடை

தலையணை உறை இரண்டு தைத்து முடித்ததும் பெரும்பாலோர் ஜாக்கெட்டுக்குத் தாவுவார்கள். நான் சொல்வது உள்பாவாடை. நேர்க்கோடுகள்தான், டாட் இல்லை, கைக்குழி இல்லை. சற்று முன்னேபின்னே இருந்தாலும் நாடா இழுத்துச் சரிசெய்துவிடும். அன்றாடம் உடுத்தலாம் என்பதால் தைத்தது வீணாகவும் போகாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு 32 அங்குலம், அதற்குக் கீழே அகலமான இடத்தில் சுற்றளவு 42, பாவாடை உயரம் 38 என்று வைத்துக்கொள்வோம். 2 அங்குலம் பட்டிக்குப் போனால் ஒவ்வொரு பீஸும் 36 உயரம். மேலே அரை, கீழே மடிக்க ஒன்றரை சேர்த்தால் 38. மேல்சுற்று 36 என்றால் பீஸுக்கு 6, இரு பக்கத் தையலுக்கு அரை அரை சேர்த்து 7. கீழ்ச்சுற்று 72 என்றால் பீஸுக்கு 12, தையலோடு 13. இந்தக் கணக்கில் பட்டிக்கு 8 அங்குலம் கீழே சுற்றளவு சுமார் 44 வரும். உடம்பின் 42-க்கு 2 அங்குலம் தளர்வு. உட்கார்ந்து எழ அது போதும்.

36 அங்குல அகலத் துணியில் மூன்று பீஸ்களை ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினால் 33 அங்குலத்தில் அடங்கும். அப்படி இரண்டு வரிசை. இரண்டேகால் மீட்டர் எடுத்தால் நனைத்துச் சுருங்கியது போக, மிச்சத்தில் ஓர் ஒட்டுப் போட்டுப் பட்டியும் கிடைத்துவிடும். கடைக்காரர் மீட்டரில் அளப்பார், நாம் அங்குலத்தில் வெட்டுவோம். ஒரு மீட்டர் 39 அங்குலத்துக்குச் சற்றே கூட. ஒரே திசையில் பூப்போட்ட துணியென்றால் தலைகீழாக அடுக்க முடியாது, அதனால் முதலில் வெற்றுத் துணியே எடுங்கள்.

பீஸ்களைச் சேர்க்கும்போது ஒரு பக்கத் தையலில் மேலிருந்து 6 அங்குலம் திறந்து விடுங்கள். ஒவ்வொரு தையலும் முடிந்ததும் பிரித்து வைத்து இஸ்திரி போடுங்கள். கடையில் தைத்ததற்கும் வீட்டில் தைத்ததற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இஸ்திரியில்தான் இருக்கிறது. பிசிறு வராமலிருக்கப் பக்கத்துத் தையல்கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம்.

ஜாக்கெட்

இதற்குத்தான் எல்லோரும் மிஷினையே வாங்குகிறார்கள். அதனால் இதில் சற்று நிதானிப்போம்.

அமெரிக்காவில் எபினேசர் பட்டரிக் 1863-இல் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அங்கெல்லாம் வீட்டுத் தையல் அதைப் பிடித்தே வளர்ந்தது. நமக்கு அந்த இடத்தில் அளவு ஜாக்கெட் இருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் உடம்பில் இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும் ஜாக்கெட்டாக இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கல்யாண ஜாக்கெட் உதவாது. அளவு ஜாக்கெட்டைச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, காகிதத்தை வெட்டி வையுங்கள். கூடவே இஞ்ச் டேப்பால் உடம்பையும் அளந்து ஒத்துப் பாருங்கள். வழக்கமாக அணியும் உள்ளாடையோடு நேராக நின்று, வேறொருவரை அளக்கச் சொல்வது நல்லது. தன்னைத்தானே அளக்கும்போது கை உயர்கிறது, மார்பளவு மாறிவிடுகிறது.

காகிதத்திலிருந்து பட்டுக்குப் போகாதீர்கள். காடாவில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்காரர்களின் சாம்பிள் இதுதான். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் சேர்ந்து ஏறுகிறதா? கைக்குழி கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை மேலே ஏற்ற வேண்டும். பலர் இன்னும் ஆழமாக வெட்டி நிலைமையை மோசமாக்குகிறார்கள். தோள் வழுக்கி விழுகிறதா? கழுத்தின் அகலத்தைக் குறையுங்கள். டாட்டின் முனை கூர்மையாகத் துருத்துகிறதா? தையலைத் துணி விளிம்போடு வழுக்கிக்கொண்டே போய் முடித்து, நூலைக் கையால் முடிச்சுப் போடுங்கள். திருத்தங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் அடுத்த ஜாக்கெட்டுக்கும் அதே காகிதம் உதவும்.

நல்ல துணியை வெட்டும்போது முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் உள்ளே வளைத்து வெட்ட வேண்டும். கைத் துண்டிலும் முன்பக்கம் அதே போலக் குழிவாக இருக்கும். வெட்டிய உடனே சாக்கட்டியால் ‘மு’, ‘பி’ என்று உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு கையும் ஒரே தோளுக்கானதாக வந்து நிற்கும் அவதி அதோடு போய்விடும். கழுத்தை முதலில் கேட்ட ஆழத்தைவிட அரை அங்குலம் மேலாகவே வெட்டுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். வெட்டிய கழுத்து வளைவு கை பட்டாலே இழுபட்டு விரியும், ஆகவே அதைச் சுற்றி உடனே ஒரு தையல் ஓட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடுங்கள். உள்ளே துணி இருந்தால் அடுத்த ஆண்டும் பிரித்து விடலாம், அக்காவுக்குத் தைத்தது தங்கைக்கும் ஆகும். கழுத்திலும் கைக்குழியிலும் அப்படி விட முடியாது, வளைவு மடங்காது. அங்கே அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தைத்த பின் அங்கங்கே சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்து மடியுங்கள். ஹூக் பட்டி, கைமடிப்பு, கழுத்து ஹெம்மிங் எல்லாம் கை ஊசியில் செய்கிற வேலை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.