எர்த் பின்னை உடைக்காதீர்கள்

பாட்டே போடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இதற்குப் புழக்கத்தில் இருக்கும் வைத்தியங்களில் மிக மோசமானதிலிருந்து தொடங்குகிறேன்.

நம்பிக்கை: மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

பல வீடுகளில் நிற்கவும் செய்யும். இந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால் ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பாடியைத் தொடுபவரைக் காப்பாற்றுவது அந்தப் பின். உள்ளே ஒரு ஒயர் கழன்று பாடியில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது. 230 வோல்ட் அப்படியே பாடியில் நிற்கும், தொடுகிறவர் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கும். வீட்டில் குழந்தைகளும் திருகிப் பார்க்கும் பொருள் இது. எவ்வளவு அனுபவமுள்ள மெக்கானிக் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

உண்மையில் கோளாறு, எர்த் இரண்டு வழியில் கிடைப்பதுதான். ஆம்ப்புக்குச் சுவர் பிளக்கில் ஒரு எர்த். செட்டாப் பாக்ஸுக்கோ, தெருவிலிருந்து வரும் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக வேறெங்கோ ஒரு எர்த். இந்த இரண்டுக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ ஒயரின் ஷீல்டில் கரண்ட் ஓடத் தொடங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காதில் விழுவது அதுவும் அதன் மடங்குகளும்தான். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, செட்டாப் பாக்ஸிலிருந்து டிவி கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். ரீங்காரம் போய்விட்டால் ஆளைப் பிடித்தாயிற்று. ஆம்ப்பில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் அதில் இணையுங்கள். அந்தக் கேபிளில் வெளிச்சம் மட்டுமே போகிறது, கரண்ட் போக வழியில்லை. ஆப்டிகல் இன்புட் இல்லையென்றால் ஆடியோ லைனில் போடும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

நம்பிக்கை: விலை கூடிய ஒயர் போட்டால் சரியாகிவிடும்.

ஷீல்டு அறுந்த ஒயரை மாற்றுவது நியாயம். எர்த் சிக்கலுக்கு மட்டும் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஒயரும் உதவாது. அதற்கும் ஷீல்டு உண்டு, அதிலும் கரண்ட் ஓடும்.

நம்பிக்கை: ஸ்பீக்கர் போய்விட்டது.

கிழிந்த ஸ்பீக்கர் பாட்டு ஓடும்போதுதான் அதிரும். பாட்டில்லாமல் சத்தம் வந்தால், பின்னாலிருந்து வருவதை அது ஒலிக்கிறது, அவ்வளவே. வால்யூமைத் திருகிப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைந்தால், கோளாறு வால்யூமுக்கு முன்னால்: பிளேயர், ஒயர், செட்டாப் பாக்ஸ். இன்புட் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் அதே அளவில் இரைந்தால் ஆம்ப்புக்கு உள்ளேதான். பழைய ஆம்ப் என்றால் முதல் சந்தேகம் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர். அது வலுவிழந்தால் 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கரகரப்பாக இரையும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், ஆகவே நீங்களே திறக்க வேண்டாம்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தருகிறது. ரெக்கார்டின் ஊசி தருவது சில மில்லிவோல்ட். அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது சுற்றியுள்ள இரைச்சலும் சேர்ந்து பெருகும். டர்ன்டேபிளோடு வரும் அந்த மெல்லிய தனி ஒயரை ஆம்ப்பின் கிரவுண்ட் திருகில் முடுக்குங்கள். பலரும் அதை உபரி என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள். டர்ன்டேபிளை ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியும் வையுங்கள்.

வால்யூமைத் திருகும்போது மட்டும் 'கரகர'வென்றால் உள்ளே தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை, ஆம்ப்பைத் திறக்காமல் குமிழின் இடுக்கு வழியாக அடித்துச் சிலமுறை திருகுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; அது இன்னும் தூசியைச் சேர்க்கும்.