நினைவின் இருப்பிடம்

மூளையின் படத்தை வரைந்து, பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று அம்புக்குறியிட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். சிந்திப்பது பெருமூளை, உடலின் சமநிலையைக் காப்பது சிறுமூளை, மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பது முகுளம். சரி, நினைவு எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு நம்மில் பலர் தலையைச் சொறிவோம். அதற்கென்று தனியிடம் இல்லை, அது மூளை எங்கும் பரவிக் கிடப்பது என்பதே அமெரிக்க உளவியல் அறிஞர் லாஷ்லி 1950இல் கண்ட முடிவு.

மூன்றே ஆண்டுகளில் அம்முடிவு ஆட்டங்கண்டது. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞர் கடும் வலிப்பு நோயால் அவதியுற்றார். எம்மருந்துக்கும் அது அடங்கவில்லை. 1953இல் ஸ்கோவில் என்ற மருத்துவர், பொட்டுப் பகுதிகளின் உட்புறத்தில் இரு பக்கமும் மூளையின் ஒரு பகுதியை அகற்றினார். கடற்குதிரையை ஒத்திருப்பதால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதனுடன் போயிற்று.

வலிப்பு குறைந்தது. அறிவுக் கூர்மையும் மங்கவில்லை. ஆனால், அதன் பிறகு சந்தித்த எவரும் அவர் மனத்தில் தங்கவில்லை! பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற பெண் அறிஞரும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவரே. 584 என்ற எண்ணைச் சொன்னால், விடாது எண்ணிக்கொண்டிருக்கும் வரை, கால் மணி நேரமாயினும் வைத்திருப்பார். கவனம் சற்றுத் திரும்பினால் எண் மட்டுமன்று, அப்படியொரு எண் தரப்பட்டதே மறந்துபோகும். (தேர்வு மண்டப வாசலில் புத்தகம் புரட்டும் நமக்கு இது ஓரளவு விளங்கும்.)

இளமைக்கால நினைவுகளோ பெரும்பாலும் அழியவில்லை. ஆகவே ஹிப்போகாம்பஸ் நினைவுகளின் கிடங்கு அன்று. புதியவை உள்ளே சென்று நிலைபெற உதவும் வாயில் எனலாம். இவ்வுண்மைக்கு ஒரு மனிதர் கொடுத்த விலை மிகப் பெரிது. அத்தகைய அறுவையை மீண்டும் செய்யலாகாது என்று ஸ்கோவிலே பின்னர் எச்சரித்தார்.

2008இல் மொலைசன் காலமாகும் வரை ஆய்வுநூல்கள் அவரை எச்.எம். என்ற எழுத்துகளாலேயே குறித்தன. அவரிடம் மில்னர் செய்த ஒரு சோதனை வியப்பானது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு விண்மீன் வடிவின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் தடுமாற்றமின்றி வரைந்தார். கைத்திறனைக் கற்பதற்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. ஆனால் முன்பு வரைந்தது அவருக்கு நினைவில்லை. கடினமாக இருக்குமென்று நினைத்தேனே, நன்றாகவே வந்துவிட்டதே என்று அவரே ஆச்சரியப்பட்டார்.