குட்டி இரயிலுக்கு ஏற்ற மின்னழுத்தம்

மாதிரி இரயில்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. பரவலாகக் காணப்படும் எச்.ஓ. வகை, உண்மையான இரயிலைவிட 87 மடங்கு சிறியது. 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அறிமுகப்படுத்திய இசட் வகையோ 220 மடங்கு சிறியது. அதன் தண்டவாளங்களின் இடைவெளி 6.5 மில்லிமீட்டர்தான்.

அளவு வேறுபடுவதைப் போலவே மின்தேவையும் வேறுபடுகிறது. எச்.ஓ. இரயில்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகின்றன. தொடக்ககால இசட் இரயில்களுக்கு 8 வோல்ட் போதும். வேகக் கட்டுப்படுத்தியின் குமிழைத் திருப்பும்போது தண்டவாளத்திற்குச் செல்லும் மின்னழுத்தம் உயர்கிறது; இரயிலும் விரைகிறது. 12 வோல்ட் கட்டுப்படுத்தியில் இசட் இரயிலை இணைத்து, குமிழை முழுவதும் திருப்பினால் என்ன ஆகும்? மோட்டார் அளவுக்கு மீறிச் சுழன்று சூடாகும். அதன் மெல்லிய கம்பிச்சுருள் கருகிவிடவும் கூடும்.

இதைத் தவிர்க்க, குறைந்த மின்னழுத்தம் தரும் அடாப்டரைப் பயன்படுத்துவதே எளிய வழி. ஆயினும், கட்டுப்படுத்தி அந்த மின்னழுத்தத்தில் இயங்குமா என்பதைக் கையேட்டில் முதலில் பார்க்க வேண்டும்.

பொருத்தமான அடாப்டர் கிடைக்காவிட்டால் டையோடுகள் உதவும். ஒரு சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் குறைக்கும். ஆறு டையோடுகளை வரிசையாக இணைத்தால் 4.2 வோல்ட் குறைந்து, 12 வோல்ட் 7.8 வோல்ட்டாகும். மின்தடையைப் பயன்படுத்தினால் இந்தச் சீரான பலன் கிடைக்காது. இரயில் மேட்டில் ஏறும்போது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது மின்தடையில் இழக்கப்படும் வோல்ட்டும் கூடும். வலிமை தேவைப்படும் நேரத்திலேயே இரயில் தளர்ந்துவிடும்.

டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை அனுமதிக்கும். இரயில் பின்னோக்கிச் செல்லும்போது தண்டவாளத்தில் மின்னோட்டத்தின் திசை மாறும். ஆகவே, டையோடுகளை அடாப்டருக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் பொருத்த வேண்டும். அங்கே திசை மாறுவதில்லை.

குறைக்கப்பட்ட மின்னழுத்தம் மாயமாக மறைந்துவிடுவதில்லை, அது வெப்பமாகிறது. 0.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், ஆறு டையோடுகளும் சேர்ந்து 2.1 வாட் வெப்பத்தை வெளியிடும். எனவே, அவற்றை நெருக்கமாக அடைக்காமல் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

சுவர்ச் செருகியில் இருப்பது ஏறத்தாழ 230 வோல்ட். அது உயிரைப் பறிக்கவல்லது. அடாப்டரின் உறையை ஒருபோதும் திறக்கக்கூடாது. மாற்றம் எதுவானாலும் அடாப்டருக்குப் பின்னுள்ள குறைந்த மின்னழுத்தப் பகுதியில் மட்டுமே செய்ய வேண்டும். அதையும் செருகியைக் கழற்றிய பிறகு, பெரியவரின் மேற்பார்வையில் செய்வதே முறை. இறுதியாக, இரயிலைத் தண்டவாளத்தில் வைக்கும் முன் மின்னழுத்தமானியால் அளந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடச் சோதனை குட்டி மோட்டாரைக் காப்பாற்றும்.