ஒரு காது மட்டும் மந்தமா?

"ஏங்க, போனை ஏன் அந்தக் காதுக்கு மாத்துறீங்க?"

"இந்தக் காதுல சத்தம் கேக்குது. என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை. எல்லாம் மில்லு சத்தம்."

ராஜபாளையம் பக்கம் இந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், பிறகு வந்த நூற்பாலைகள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகள் என்று மெஷின் சத்தத்தோடு வளர்ந்த வட்டாரம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தறி ஓடுகிறது. இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது நிஜம்தான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காதையுமே ஏறக்குறைய ஒரே அளவில் கெடுக்கும். ஒரு காது மட்டும் மந்தம், அதில் மட்டும் 'ஙொய்' என்ற சத்தம் என்றால் மில் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

பயப்படவும் வேண்டாம். குறும்பியோ, காதில் சீழோ காரணமாக இருக்கலாம். (எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்!) அபூர்வமாகச் சிலருக்குக் கோளாறு மண்டைக்குள் இருக்கும். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பின் உறையில் ஒரு கட்டி வளரும். பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா. வருடத்துக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது. புற்றுநோய் அல்ல, வளர்ச்சியும் மெதுவாகத்தான். ஆனால் பெரிதானால் மூளைத்தண்டையே அழுத்தும். முக நரம்பும் ஒட்டியே போகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கிடையாது. நடை தள்ளாடி, முகம் மரத்து, பார்வை மங்கிய பிறகுதான் பலருக்கு இந்தக் கட்டி தெரியவந்தது. இன்று சில மில்லிமீட்டர் அளவிலேயே தெரிந்துவிடும். முதலில் ஆடியோகிராம். இரண்டு காதுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இந்த ஸ்கேன் வசதி உண்டு.

கட்டி என்றதும் ஆபரேஷன்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறியதை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும் என்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சு, பெரியதென்றால் அறுவை.

இன்னொன்று: நாடி துடிப்பது போலக் காதுக்குள் 'டப் டப்' என்று கேட்டால் மூளை ரத்தக்குழாய்க் கோளாறும் இருக்கலாம், டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். நேற்றுவரை கேட்ட காது காலையில் திடீரென அடைத்துக்கொண்டால், 'ஜலதோஷம்' என்று வாரக்கணக்கில் காத்திராமல் அன்றே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். மில்லில் எடுத்த பழைய ஆடியோகிராம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.